மூன்றாம் வரிசை

மதியம் இரண்டே முக்கால் மணிக்கு அந்த நெட்வொர்க்கில் எதுவும் காத்திருக்கத் தேவையே இல்லை. சிதம்பரத்தில் அந்நேரத்துக்குப் பாதி ஊர் சாப்பிட்டுக் கண்ணசந்திருக்கும், பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்திருக்க மாட்டார்கள், அறுநூறு வீட்டுக் கனெக்‌ஷன்களும் சேர்ந்தாலும் லைனில் பத்தில் ஒரு பங்குகூட நிறையாது. அப்படி வெறிச்சோடிக் கிடந்த லைனில் மூன்றாம் வரிசையில் மட்டும் பதினோரு பாக்கெட்டுகள், யாரோ அனுப்பிய தகவலின் துண்டுகள், நகராமல் நின்றிருந்தன.

ஆரோக்கிய ஜெனிபர் லேப்டாப் திரையைப் பார்த்து உதட்டைச் சுழித்தாள். முன்னால் ஆளே இல்லாத டிக்கெட் கவுன்டரில் பதினோரு பேர் வரிசை கட்டி நிற்கிற மாதிரி இருந்தது. வழி திறந்து கிடக்கிறது, போக வேண்டியதுதானே. இந்த ஊரில் மனிதர்கள்தான் மந்தம் என்று நினைத்திருந்தாள். அவர்கள் அனுப்புகிற பாக்கெட்டுகளும் அப்படித்தான் போலிருக்கிறது.

அவள் இருந்தது இன்டர்நெட் கம்பெனியின் சர்வர் அறை, கீழ வீதிக்குப் பின்னால் ஒரு பாத்திரக் கடைக்கு மேலே இரண்டாம் மாடியில். சூடேறிய பிளாஸ்டிக் நாற்றமும் பேட்டரியின் புளித்த வாடையும் அங்கே எப்போதும் அடைந்து கிடக்கும். சர்வரின் மின்விசிறி ஒரே சுருதியில் இரைந்துகொண்டிருந்தது. கீழே யாரோ அலுமினிய அண்டாக்களை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கும் சத்தம் படிக்கட்டு வழியாக ஏறி வந்தது. கடலூரிலிருந்து காலை பஸ்ஸில் வந்தவள், புதிதாக வாங்கிய லைனைக் கோத்து, யாருடைய போக்குவரத்து எந்த லைனில் போக வேண்டும் என்று பிரித்துவிட்டு, ஐந்து மணி பஸ்ஸைப் பிடிப்பதாகத் திட்டம்.

அவளுடைய முதலாளி அன்பரசு கடலூர் முதுநகரில் கேபிள் டிவி நடத்தியவர். டிவி படுத்ததும் இன்டர்நெட்டுக்கு மாறினார். அவருக்கு எல்லாமே ஒயர்தான். சர்வர் பெரிய ஒயர், ரவுட்டர் சின்ன ஒயர், சாஃப்ட்வேர் கண்ணுக்குத் தெரியாத ஒயர். சாயங்காலமானால் ஊர் மொத்தமும் படம் பார்க்க உட்கார்ந்து லைன் திணற, "ஏதாச்சும் பண்ணு ஜெனிபர், காது அறுந்து போவுது" என்று போனை அவள் மேஜையில் வைத்துவிட்டுப் போய்விடுவார். அவள்தான் பண்ணினாள். மூன்று பழைய கம்ப்யூட்டர்களில் லினக்ஸ் போட்டு, ஒன்றை ஊராகவும் ஒன்றை உலகமாகவும் நடுவில் இருப்பதை வாசலாகவும் வைத்து, ஆறு மாதம் தானே படித்தாள். வகுப்பு கிடையாது, வாத்தியார் கிடையாது. இந்த மாவட்டத்தில் வேறு எவனும் திறந்துகூடப் பார்த்திராத கையேட்டுப் பக்கங்களை வரி வரியாகப் படித்தாள். ஒரே பெட்டிக்குள் நான்கு பாதைப் பட்டியல்கள் வைக்கலாம் என்று புரிந்த அன்று அவளுக்குத் தூக்கம் வரவில்லை. யார் எந்த வழியில் போவது, யார் முந்துவது, யார் நிற்பது, எல்லாமே அவள் தட்டும் ஒரு வரியில் இருந்தது.

வரிசைகள் மூன்று வைத்தாள். முதல் வரிசை முதலாளி வீட்டுக்கு, கிளினிக்குகளுக்கு, கவுன்சிலருக்கு, கல்யாண மண்டபத்துக்கு. இரண்டாவது சாதாரண ஜனங்களுக்கு. மூன்றாவது, மற்ற இரண்டும் தின்று மிச்சம் வைத்தால் கிடைக்கும். மேல் வரிசையில் ஆள் இருக்கும்வரை கீழ் வரிசைக்கு ஒன்றுமே போகாது, பட்டினிதான், கவனம் என்று கையேட்டில் எச்சரிக்கை போட்டிருந்தார்கள். அந்த வரியை அவள் இரண்டு தடவை படித்தாள். பிடித்திருந்தது. மூன்றாம் வரிசைக்குச் சர்வரில் 'சாக்கடை' என்று பெயர் வைத்தாள்.

சாக்கடைக்கு யாரை அனுப்புவது என்று அவளை யாரும் கேட்கவில்லை. போனில் கத்துகிறவன், 'அந்தப் பொண்ணு கிட்ட குடுக்காத, ஆம்பள யாராச்சும் இருந்தா குடு' என்கிறவன், ஒரே கேள்வியை ஒன்பது நாள் கேட்கிறவன். பதினான்கு வீடுகள் சேர்ந்தன. ஒன்று புவனகிரி ரோட்டில் வெள்ளாற்றங்கரை ஓரமாகத் தனியாக இருந்த கலியமூர்த்தியின் வீடு. கூட்டுறவு வங்கியில் ஓய்வு பெற்றவர், மனைவி இல்லை, ஒரே மகள் தமிழ்ச்செல்வி குவைத்தில் நர்ஸ். தினமும் ஏழு மணிக்கு மகளோடு வீடியோவில் பேச உட்காருவார், ஏழே காலுக்கு ஜெனிபருக்குப் போன் பண்ணுவார்.

"மேடம், முகம் நின்னு நின்னு வருது மேடம். வாய் அசையுது, பேச்சு பின்னால வருது."

"மோடத்துல பச்ச லைட் எரியுதா?"

"எரியுது மேடம்."

"எரிஞ்சா லைன் இருக்குதுன்னு அர்த்தம். வைங்க."

அவர் ஒருநாளும் கோபப்பட்டதில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. கத்துகிறவனைத் திருப்பிக் கத்தலாம். இந்தக் குழைவை என்ன செய்வது? செருப்பில் ஒட்டிய சூயிங்கம் மாதிரி மனுஷன்.

நவம்பரில் புயல் வந்தது. மொபைல் டவர்கள் எல்லாம் செத்தன. பெரிய லைன் அறுந்து, மாற்றாக வைத்திருந்த ஒல்லி லைனில் ஊர் தொங்கியது. டவர் இல்லாவிட்டாலும் இன்டர்நெட் வழியாகவே ஆபீசைக் கூப்பிடலாம் என்று அன்பரசு பெருமையாக ஒரு ஆப் செய்து எல்லா வீட்டுக்கும் கொடுத்திருந்தார். அன்று சாயங்காலம் முதல் வரிசைக்காரர்கள் மழை வீடியோ பார்த்தார்கள். இரண்டாம் வரிசைக்காரர்களும் பார்த்தார்கள். ஜெனிபரின் மேஜையில் இருந்த போன் அடிக்கவே இல்லை, நிம்மதியாக இருந்தது. வெள்ளாறு கரையை மீறியது. மூன்றாம் நாள் தண்ணீர் வடிந்தபோது கலியமூர்த்தியைக் கண்டெடுத்தார்கள்.

பிறகுதான் சர்வரின் பதிவுகளைப் பார்த்தாள். அன்று ஆறு பத்திலிருந்து எட்டு மணிவரை அந்த வீட்டிலிருந்து ஆபீசுக்கு இருபத்தேழு அழைப்புகள். எல்லாம் மூன்றாம் வரிசையில் நின்று, நேரம் கடந்து, கொட்டப்பட்டிருந்தன. அந்த வரிகளை அழித்தாள். காரியத்துக்கு வந்த மகள் ஆபீசுக்கும் வந்து, "எங்க அப்பா அன்னைக்கு யாரையாச்சும் கூப்ட்டாரான்னு பாத்து சொல்ல முடியுமா?" என்று கேட்டபோது, "அன்னைக்கு லைனே இல்லங்க" என்றாள். கிழவன் ஆற்றங்கரையில் வீடு கட்டினால் அதற்கு நானா பொறுப்பு என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். இந்தப் பிப்ரவரி வரை அது போதுமானதாக இருந்தது.

பதினொன்று இப்போது பத்தொன்பது ஆகியிருந்தது.

எந்த முகவரியிலிருந்து என்று பார்த்தாள். கடைசி எண் அறுபத்தொன்று. அவளுக்குப் பட்டியலைத் திறக்க வேண்டியிருக்கவில்லை. உடனே லைன்மேன் திருநாவுக்கரசு மீது கோபம் வந்தது. செத்த ஆளின் இணைப்பை எவனுக்கோ கள்ளத்தனமாகக் கொடுத்திருக்கிறான், அதைக்கூட ஒழுங்காகச் செய்யத் தெரியவில்லை. போன் போட்டாள்.

"அண்ணே, புவனகிரி ரோடு கலியமூர்த்தி லைன யாருக்குக் குடுத்தீங்க?"

"யாருக்கும் குடுக்கலம்மா. நான்தான் ஒயர சுத்தி எடுத்தேன். மோடம் சேறா கெடந்துச்சி, தூக்கிப் போட்டாச்சி. ஏம்மா?"

"அங்கேர்ந்து டிராஃபிக் வருது."

"எங்கேர்ந்து வரும்? அந்த வீட்டுக்குக் கரண்ட்டே இல்ல. பொட்டில ஏழாம் நம்பர் ஓட்டைய பாரு, மொட்டையாத்தான் இருக்கும்."

அவன் சொல்லி அவள் பார்ப்பதா என்று வீம்பாக உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து போய், வீட்டு லைன்கள் வந்து சேரும் பெட்டியைப் பார்த்தாள். ஆறாம் துளையில் கம்பி இருந்தது, எட்டிலும் இருந்தது. ஏழில் இல்லை. வெறும் கறுப்புத் துளை. அதன் தலைமேல் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

மட்டமான பெட்டி, அன்பரசு வாங்கியது அப்படித்தான் இருக்கும். துளைக்குள் சுண்டுவிரலை விட்டாள். குளிர்ச்சி தட்டியது. வெளியே எடுத்தபோது நுனியில் மையாக, சாம்பல் நிறத்தில், ஆற்று வண்டல் ஒட்டியிருந்தது.

சுடிதாரில் துடைத்துக்கொண்டாள். மேலே தண்ணீர்த் தொட்டி ஒழுகுகிறது போல. கட்டட முதலாளியும் ஒரு தண்டம்.

திரும்பி வந்து மூன்றாம் வரிசையை முழுசாக வழித்துக் கொட்டினாள். பூஜ்யம். மூச்சு விடுவதற்குள் நாற்பது. மறுபடி கொட்டினாள். இருநூற்றுப் பன்னிரண்டு. கீழே அண்டாக்களின் சத்தம் நின்றுபோயிருந்தது என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. எப்போது நின்றது என்று தெரியவில்லை. மின்விசிறியின் இரைச்சலுக்கு அடியில் இன்னொரு சத்தம் இருந்தது. நிறைந்த வாளியை யாரோ மெதுவாகத் தரையில் இழுப்பது மாதிரியான ஒரு தளும்பல். ஜன்னல் பக்கம் போய் எட்டிப் பார்த்தாள். வெயில் சுள்ளென்று அடித்தது. ஆட்டோக்காரர் பின்சீட்டில் கால் நீட்டித் தூங்கினார். தெரு காய்ந்து கிடந்தது.

பாக்கெட்டுகளைப் பிடித்துத் திறந்து பார்த்துவிடலாம். அதுவும் அவள் தானாகக் கற்றதுதான். திறந்தாள். குரல். ஆபீஸ் ஆப்பில் வரும் அழைப்பு, பூட்டு எதுவும் போடாத வெறும் குரல். அன்பரசு பூட்டுக்குச் செலவழிக்க மாட்டார். துண்டுகளைக் கோத்து ஒரு ஒலிக் கோப்பாக்கி, ஹெட்போனை மாட்டினாள்.

முதலில் தண்ணீர். பெரிய அறைக்குள் நிறைய தண்ணீர் புரளுகிற சத்தம், அதில் ஏதோ மரச்சாமான் சுவரில் இடித்து இடித்து விலகுவது.

"ஜெனிபர் மேடமுங்களா? கலியமூர்த்தி பேசறேன் மேடம், புவனகிரி ரோடு. தொந்தரவுக்கு மன்னிச்சிக்கங்க. வாசல்ல தண்ணி ஏறிடுச்சி. மொபைல்ல டவர் இல்ல. யாருக்காச்சும் சொல்லி உடுங்க மேடம்."

இடைவெளி.

"மறுபடியும் நான்தான் மேடம். நீங்க வேலையா இருப்பீங்க. கட்டில் மெதக்குது. நான் மேஜ மேல நின்னுக்கினு இருக்கேன்."

இடைவெளி. மூச்சு.

"பச்ச லைட் எரியுது மேடம். எரிஞ்சா லைன் இருக்குதுன்னு நீங்கதான சொன்னீங்க."

எங்கேயோ தேங்கிக் கிடந்த பழைய பாக்கெட்டுகள், அவ்வளவுதான். நவம்பரின் குப்பை, மூன்று மாதம் தாமதம். பாக்கெட்டுகள் மூன்று மாதம் தாமதமாக வராது என்று அவளுக்குத் தெரியும். யாரைவிடவும் தெரியும். ஒவ்வொன்றின் மேலும் அனுப்பிய நேரம் இருக்கும். பார்த்தாள்.

இன்றைய தேதி. இரண்டு ஐம்பத்தெட்டு. இரண்டு ஐம்பத்தொன்பது.

காதில் குரல் தொடர்ந்தது. அதே குழைவு.

"நாள் கணக்கு தெரியல மேடம். பேட்டரி எப்பவோ தீந்துபோச்சி. லைட்டு மட்டும் எரிஞ்சிக்கினேதான் இருக்குது. பொண்ணு ஏழு மணிக்கு வரும். அதுக்குள்ள கொஞ்சம் பாத்து உடுங்க மேடம்."

ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தாள். அது மேஜையில் கிடந்தபடி சின்னதாகப் பேசிக்கொண்டே இருந்தது. வரிசையில் நாலாயிரம். ஒன்பதாயிரம். அந்த வரிசைக்கு அவள் வைத்த உச்ச அளவே ஆயிரம்தான்.

அழித்தால் பெருகுகிறது. நிறுத்தினால் தேங்குகிறது. அப்படியானால் விட்டுவிடலாம். போகட்டும். போய்த் தொலையட்டும். செத்தும் தொல்லை. அறுபத்தொன்றை மூன்றாம் வரிசையிலிருந்து எடுத்து முதல் வரிசையில், எல்லோருக்கும் மேலே, வரம்பே இல்லாமல் வைத்தாள். என்டர் தட்டினாள்.

ஒரே நொடி. வரிசை காலி. ஹெட்போன் மௌனமானது. தளும்பல் நின்றது. அவ்வளவு எளிதாக முடிந்துவிட்டதில் அவளுக்குச் சிரிப்பே வந்தது. இதற்காகவா நடுங்கினேன்? மூன்று மாதமாக வழிதானே கேட்டான் மனுஷன்.

மேஜையில் அவளுடைய மொபைல் அதிர்ந்தது. ஆபீஸ் ஆப். குவைத் எண்.

"ஜெனிபர் மேடமுங்களா? நான் தமிழ்ச்செல்வி." அழுகையும் சிரிப்புமாக இருந்தது குரல். "அப்பா வந்துட்டாரு மேடம்."

"எ... என்ன சொல்றீங்க?"

"வீடியோவுல மேடம், இப்பதான். நிக்காம வருது மேடம், முகம் எவ்ளோ தெளிவா இருக்குது. ஒடம்புதான் கொஞ்சம் ஊதுன மாரி. எல்லாம் சொன்னாரு. அன்னைக்கு இருவத்தேழு வாட்டி கூப்ட்டாராமே உங்கள."

ஜெனிபரின் கட்டைவிரல் சிவப்புப் பொத்தானை நோக்கி நகர்ந்தது.

"நான் சண்ட போடறதுக்குக் கூப்பிடல மேடம். கட் பண்ணிடாதீங்க, அத சொல்லத்தான் கூப்ட்டேன். காலுல வேணா உழறேன், கட் மட்டும் பண்ணிடாதீங்க."

ஜெனிபரின் விரல்கள் லேப்டாப்பைத் தேடின. அறுபத்தொன்றைப் பழையபடி கீழே தள்ள வேண்டும். எழுத்துகள் திரையில் வரவில்லை. லேப்டாப்புக்கும் சர்வருக்கும் நடுவே இருந்தது அதே நெட்வொர்க்தான். முதல் வரிசை எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டிருந்தது. ஒரு எழுத்து வந்தது. வெகுநேரம் கழித்து இன்னொன்று.

"அப்பா நடந்துக்கினே பேசறாரு மேடம். உங்கள பாத்து தேங்ஸ் சொல்லணுமாம்."

எழுந்தாள். சர்வரின் பின்னால் இருந்த கம்பிகளைக் கை நிறைய அள்ளி இழுத்தாள். ஒன்று, நான்கு, பத்து. விளக்குகள் அணைந்தன. மின்கம்பியையும் பிடுங்கினாள். மின்விசிறி முனகி, சுழன்று, நின்றது. இருட்டான பெட்டியில் ஏழு மட்டும் பச்சையாக எரிந்தது.

போனில் குரல் கொஞ்சமும் குறையவில்லை.

"ஏதோ மாடிப்படி மேடம். மஞ்ச பெயின்ட் அடிச்ச செவுரு. கைப்பிடி துருப்பிடிச்சி கெடக்குது. பாத்திரமெல்லாம் மெதக்குது, அண்டா, குண்டான். யாரு வீடு மேடம் இது?"

அறைக் கதவுக்கு வெளியே மஞ்சள் சுவர். துருப்பிடித்த கைப்பிடி.

ஜன்னல். ஜன்னலில் கம்பி. கத்தினாள். ஆட்டோக்காரர் புரண்டுகூடப் படுக்கவில்லை. தெருவில் வெயில். காய்ந்த மண். ஒரு சத்தமும் மேலே வரவில்லை. அவளுடைய சத்தமும் கீழே போகவில்லை.

வேறு வழி இல்லை. படிக்கட்டு ஒன்றுதான். ஓடினால் கடந்துவிடலாம். கதவுக்கு அடியில் பார்த்தாள். ஈரம் இல்லை. தாழ்ப்பாளை இழுத்தாள்.

படிக்கட்டு முழுக்கத் தண்ணீர். பழுப்பாக, அசையாமல், சுவரோடு சுவராக நிரம்பி நின்றது. அறை வாசலுக்கு மூன்று படிகள் மட்டுமே மீதி இருந்தன. சேற்று நாற்றம். மேலே ஒரு அலுமினிய மூடி மெல்லச் சுழன்றுகொண்டிருந்தது.

இரண்டு படிகள்.

நடுவில் தண்ணீர் பிளந்து ஒரு கை எழுந்தது. வெளுத்து, உப்பி, விரல் நுனிகள் சுருங்கிய கை. முழங்கைவரைதான் தெரிந்தது. கீழே ஒன்றும் தெரியவில்லை. அது ஒரு போனை நனையாமல் உயரத் தூக்கிப் பிடித்திருந்தது. கோணம் சரியில்லை என்பதுபோல மணிக்கட்டு கொஞ்சம் திரும்பியது. போனின் கண் அவளை நோக்கி நின்றது.

ஒரு படி.

"தோ, இப்ப தெரியுது மேடம்," என்றாள் தமிழ்ச்செல்வி சந்தோஷமாக. "உங்க முகம் நல்லா தெரியுது."